செவ்வியல் நாவலுக்கு எத்தனை மணி நேரம்? திரைப்படம், குறுந்தொடர், நெடுந்தொடர்: ஓர் ஒப்பீடு

புகழ்பெற்ற பழைய நாவல் ஒன்றை அதன் காலப்பின்னணி மாறாமல் திரைக்குக் கொண்டுவரலாம் என்று முடிவானதும், பேச்சு பெரும்பாலும் நடிகர் தேர்வில் போய் நின்றுவிடுகிறது. அதற்கு முன்பே தீர வேண்டிய கேள்வி கால அளவு. இரண்டு மணி நேரச் சொச்சத்தில் முடியும் படமா, ஆறு மணி நேரக் குறுந்தொடரா, பத்துப் பதினைந்து மணி நேரம் ஓடும் நெடுந்தொடரா? எந்தப் பாத்திரங்கள் மிஞ்சும், கதைசொல்லியின் குரல் தேவைப்படுமா, எத்தனை உடைகள் தைக்க வேண்டும், பழைய மாளிகையைத் தேடிப் போவதா செட் போடுவதா என்பதெல்லாம் இந்த ஒரு விடையைப் பொறுத்தவை.

நாவலின் பக்கங்களை எண்ணி இதைத் தீர்மானிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறான அளவுகோல். டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ 2016-இல் பிபிசியில் ஆறே எபிசோடுகளில் வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு நீளம்கூட இல்லாத ஈவ்லின் வாவின் ‘ப்ரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்’ 1981-இல் கிரானடா நிறுவனத் தயாரிப்பில் 11 எபிசோடுகள் ஓடியது. இரண்டுமே ரசிகர்களைப் பெற்றவை. பெரிய நாவலுக்குக் குறைந்த நேரமும் சிறிய நாவலுக்கு நிறைய நேரமும் பொருந்தியதற்குக் காரணம், அந்த நாவல்களை நகர்த்தும் விசை வேறு வேறு. முதலாவதில் நிகழ்ச்சிகள் கதையைத் தள்ளிக்கொண்டு போகின்றன: போர், நிச்சயதார்த்தம், ஓடிப்போகும் முயற்சி, மாஸ்கோ எரிவது. இரண்டாவது ஒரு மனிதர் தன் கடந்த காலத்தை நினைத்துப் பார்க்கும் குரலால் நகர்கிறது. நிகழ்ச்சியைச் சுருக்கலாம். குரலைச் சுருக்கினால் அது வெறும் தகவல் ஆகிவிடும்.

ஆகவே முதல் வேலை, நாவலை நகர்த்தும் விசை எது என்று கண்டுபிடிப்பது. இதற்கு உணர்வை நம்ப வேண்டாம், ஒரு தாள் போதும். நாவலை வரிசையாகப் படித்து ஒவ்வொரு காட்சியையும் ஒரு வரியில் எழுதி, பக்கத்தில் மூன்று கட்டங்கள் போடுங்கள். கண்ணால் பார்க்கக்கூடியது முதல் கட்டம். பாத்திரங்கள் வாய்விட்டுப் பேசுவது இரண்டாவது. ஆசிரியரோ பாத்திரமோ மனத்துக்குள் மட்டும் சொல்வது மூன்றாவது. காட்சியின் முக்கியமான செய்தி எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அங்கே ஒரு குறி. முழு நாவலும் முடிந்தபின் குறிகளை எண்ணினால் பதில் தெரிந்துவிடும். முதல் இரண்டு கட்டங்களில் பெரும்பான்மை விழுந்தால் படமோ குறுந்தொடரோ தாங்கும். மூன்றாவது கட்டம் பாதியைத் தாண்டினால் இரண்டு மணி நேரப் படம் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அப்படிப்பட்ட நாவலில் படம் பிடிப்பது கதைச் சுருக்கத்தைப் படம் பிடிப்பதாகவே முடியும்.

ஒரே நாவல் வெவ்வேறு நீளங்களில் எப்படி மாறுகிறது என்பதற்கு ‘போரும் வாழ்வும்’ நல்ல பாடம். சோவியத் திரைப்படம் 1966, 1967 ஆண்டுகளில் நான்கு பாகங்களாக, ஏறத்தாழ ஏழு மணி நேரத்துக்கு வந்தது. பிபிசி 1972-இல் 20 எபிசோடுகள் எடுத்தது. அதே பிபிசி 2016-இல் ஆறோடு நிறுத்தியது. சோவியத் படத்தின் பலம் போர்க்களம். ராணுவ வீரர்களை ஆயிரக்கணக்கில் நிறுத்திப் படமாக்கும் வசதி அதற்கு இருந்தது, தொலைக்காட்சிக்கு அது கனவிலும் கிடைக்காது. 1972 தொடரின் பலம் வரவேற்பறை: குடும்பங்கள், கடன்கள், சம்பந்தம் பேசுதல் எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. 2016 தொடர் பியர், ஆந்த்ரே, நடாஷா மூவரையும் இறுகப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை ஓரத்துக்கு நகர்த்தியது. நாவலின் இரண்டாம் பின்னுரை முழுக்க வரலாற்றுத் தத்துவம். அதை எந்த நீளமும் கைக்கொள்ள முடியாது. நேரம் கூடும்போது நமக்குக் கிடைப்பது நாவலின் ஆழம் என்று நினைக்கக் கூடாது. முதலில் கிடைப்பது துணைப் பாத்திரங்கள்தான். அவர்கள் இல்லாமலும் உங்கள் நாவல் நிற்கும் என்றால் கூடுதல் மணி நேரங்களுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

படப்பிடிப்பு நாள் கணக்கு

திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது பழகிய கணக்கு. காலப்பின்னணித் தொடரில் ஒரு நாளுக்கு நான்கு நிமிடம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தலைக்கு 55 நிமிடமாக ஆறு எபிசோடு என்றால் 330 நிமிடம், அதாவது 83 நாட்கள். திரைப்படத்தில் ஒளியமைப்புக்கும் ஷாட் பிரிப்புக்கும் கூடுதல் நேரம் எடுப்பதால் நாளுக்கு இரண்டு நிமிடம் என்று கொள்ளலாம். 130 நிமிடப் படத்துக்கு 65 நாட்கள். திரையில் இரண்டரை மடங்கு வித்தியாசம் இருந்தாலும் கால்ஷீட்டில் வித்தியாசம் 18 நாட்கள்தான். படம் எடுத்தால் செலவு பாதியாகும் என்று நம்பிப் படத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நெடுந்தொடரில் கணக்கு வேறு மாதிரி. 15 மணி நேரம் என்பது 900 நிமிடம். நாளுக்கு நான்கு நிமிட வேகத்தில் 225 நாட்கள் ஆகும், எந்த முதன்மை நடிகரும் அவ்வளவு நாள் தர மாட்டார். வேகத்தை எட்டு நிமிடமாக்கினால் 113 நாட்களில் முடியும். ஆனால் அந்த வேகம் நிலையான செட்டில், இரண்டு மூன்று கேமராக்களோடு, பேச்சுக் காட்சிகளில் மட்டுமே சாத்தியம். குதிரை வண்டி ஒன்று தெருவில் வந்து நிற்கும் ஷாட்டுக்கு ஒவ்வொரு டேக்குக்குப் பின்னும் வண்டியைத் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நான்கு டேக் போனால் ஒரு மணி நேரம் போய்விடும். எனவே நெடுந்தொடரைத் தேர்ந்தெடுப்பவர் வெளிப்புறக் காட்சிகளைக் குறைத்து எழுதவும் ஒப்புக்கொள்கிறார். நாவல் வீட்டுக்குள்ளேயே நடப்பதாக இருந்தால் நல்லது. ஊர் ஊராகப் பயணம் போகும் நாவலுக்கு இது பொருந்தாது.

மொத்த நேரமும் அதைத் துண்டு போடும் முறையும் வேறு வேறு முடிவுகள் என்பதையும் மறக்கக் கூடாது. டிக்கன்ஸின் ‘ப்ளீக் ஹவுஸ்’ 1985-இல் எட்டு எபிசோடுகளாக வந்தது. 2005-இல் முதல் எபிசோடு ஒரு மணி நேரம், பின்பு அரை மணி நேரமாக 14 எபிசோடுகள் என மொத்தம் எட்டு மணி நேரத்தில் வந்தது. மொத்த நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, துண்டு மாறியதும் நடை மாறிவிட்டது. அந்த நாவல் 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதாந்தரப் பகுதிகளாக வெளியானது. ஒவ்வொரு பகுதியும் வாசகர் அடுத்த மாதம் காசு கொடுத்து வாங்கும்படி முடிய வேண்டியிருந்தது. அரை மணி நேர எபிசோடு அந்தப் பழைய மூட்டுகளிலேயே மடிகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ போல 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வெளிவந்த கதைக்கும் இதே தன்மை உண்டு. அது 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு படங்களாக வந்தபோது அத்தியாய முடிவுகளின் அந்தத் தொங்கல்களுக்கு இடமில்லாமல் போனது. தொடர்கதையாகப் பிறந்த நாவல் கையில் இருந்தால், முதலில் அது வெளிவந்த இதழ்களைத் தேடி எந்த வாரம் எங்கே ‘தொடரும்’ போட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நூலாக அச்சானபோது சில இடங்களில் அத்தியாயப் பிரிவு மாறியிருக்கலாம்.

எதை வெட்டுவது

படத்துக்கு வெட்டும் முறை ஒன்று, குறுந்தொடருக்கு வெட்டும் முறை வேறு. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1995 தொடராக ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். 2005 படமாக இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். படத்தில் நாயகனின் நண்பர் பிங்லியின் இன்னொரு சகோதரியும் அவர் கணவரும் இல்லவே இல்லை. அவர்கள் செய்ய வேண்டிய வேலையை மீதமிருந்த சகோதரி ஒருவரே செய்துவிட்டார். பாத்திரங்களை இணைப்பதற்கு இது பாதுகாப்பான வழி: ஒரே வீட்டில், ஒரே தரப்பில் இருப்பவர்களை இணைக்கலாம்.

எதிரெதிர் வீடுகளில் புழங்குபவர்களை இணைத்தால் சிக்கல் உடனே தெரியாது, நாலாவது எபிசோடில் தெரியும். இணைந்த பாத்திரத்துக்கு இரு தரப்பின் ரகசியமும் தெரிந்திருக்கும். அப்படியானால் அவர் ஏன் முன்பே சொல்லவில்லை என்று பார்வையாளர் கேட்பார். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘எந்தக் காட்சியில் எது தெரிய வருகிறது’ என்று ஒரு பட்டியல் வைத்து, இணைக்கும் முன் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முரண் இருந்தால் இணைக்காதீர்கள். ஒருவரை முற்றிலும் எடுத்துவிடுவது மேல்.

சேர்ப்பதற்கும் துணிவு வேண்டும். 1995 தொடர் இரு ஆண்கள் குதிரையில் பாய்ந்து வரும் காட்சியோடு தொடங்குகிறது. நாயகன் டார்சி குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு நடந்துவரும் இடம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இரண்டுமே நாவலில் இல்லை. நாவலில் டார்சியைப் பெரும்பாலும் நாயகி எலிசபெத்தின் கண்ணால்தான் பார்க்கிறோம். கேமராவுக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்தால் நாயகன் பாதித் தொடர் வரை சிடுமூஞ்சியாகவே தெரிவான். அவர் தனியாக இருக்கும் காட்சிகளைச் சேர்த்தது அந்த நுட்பச் சிக்கலுக்கான தீர்வு. மூலத்தில் இல்லை என்பதற்காக ஒரு காட்சியை நிராகரிப்பது விசுவாசம் ஆகாது. நாவல் வாசகருக்குத் தந்த அறிதலைப் பார்வையாளருக்கும் தருகிறதா என்பதே கேள்வி.

நாவல் தீர்ந்த பிறகும் தொடரை நீட்டும் யோசனை வந்தால் ஒதுக்கிவிடுவது நல்லது. ஆஸ்டின் 1817-இல் முடிக்காமல் விட்ட ‘சாண்டிடன்’ 2019-இல் எட்டு எபிசோடுகளாக வந்தது. மூலத்தின் கைப்பொருள் முதல் எபிசோடிலேயே செலவாகிவிட்டது. அந்த ஒளிபரப்பு முடிந்ததும் தொடர் நிறுத்தப்பட்டு, பின்னர் மீண்டும் எடுக்கப்பட்டபோது கதாநாயகன் திரும்பி வரவில்லை. அடுத்த பருவம் வரும் என்ற நம்பிக்கையில் காதலை முடிச்சவிழ்க்காமல் விட்டால், ஒப்பந்தம் இல்லாத நடிகரின் கையில் கதையின் முடிவு போய்விடும். பல பருவம் என்றால் முக்கிய நடிகர்களோடு முதலிலேயே அத்தனைக்கும் ஒப்பந்தம் போட வேண்டும். இல்லையென்றால் ஒரு பருவத்திலேயே கதை முடிய வேண்டும்.

கதைசொல்லியின் குரல்

மூன்று வழிகள் உள்ளன. பின்னணிக் குரலாக வைத்துக்கொள்வது, அந்தச் செய்தியைப் பாத்திரங்களின் பேச்சில் ஏற்றுவது, அல்லது காட்சியாக மாற்றுவது. ‘ப்ரைட்ஸ்ஹெட்’ முதல் வழியை எடுத்தது, நாவலின் வரிகளை நாயகனே நீண்ட நேரம் வாசிக்கிறார். 2024 டிசம்பரில் முதல் எட்டு எபிசோடுகள் வந்த ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ தொடரும் கதைசொல்லியை விடவில்லை. இதை எழுதிய மார்க்கேஸ் தன் வாழ்நாளில் இந்த நாவலின் திரை உரிமையைத் தர மறுத்தவர். ஸ்பானிய மொழியில், கொலம்பியாவில், போதிய நீளத்தோடு என்ற ஏற்பாட்டில்தான் குடும்பம் சம்மதித்தது. 16 எபிசோடு என்று திட்டமிட்ட நீளம் அப்படி வந்தது.

பேச்சில் ஏற்றுவதுதான் மிக மோசமாகச் சொதப்பும் வழி. ‘உனக்குத்தான் தெரியுமே, நம் அப்பா இறந்து பத்து வருடம் ஆகிறது’ என்று தம்பியிடம் அண்ணன் சொல்லும் வசனம் அதன் விளைவு. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லும் எந்த வசனத்தையும் முதல் வாசிப்பிலேயே அடித்துவிடுங்கள்.

பின்னணிக் குரலைத் தேர்ந்தெடுத்தால் படப்பிடிப்புக்கு முன்பே தற்காலிகமாக அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இது பலரும் தவறவிடும் படி. குரலுக்கு 40 விநாடி தேவைப்படும் இடத்தில் ஆறு விநாடி நடையை மட்டும் எடுத்து வந்தால், எடிட்டர் மேகத்தையும் மரத்தையும் வைத்து இடத்தை நிரப்புவார். தளத்தில் அந்தப் பதிவை ஓடவிட்டு, நடிகர் அதே நேரத்துக்கு நடக்கட்டும். கேட்கும் வரியும் பார்க்கும் படமும் ஒரே செய்தியைச் சொன்னால் குரலை வெட்டுங்கள்.

காலத்தைக் கட்டுவது

முதலில் எந்தப் பத்தாண்டு என்று முடிவு செய்ய வேண்டும். நாவல் எழுதப்பட்ட காலமும் அச்சான காலமும் கதை நடக்கும் காலமும் மூன்றாக இருக்கலாம். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813-இல் அச்சானது, முதல் வடிவம் 1790-களில் எழுதப்பட்டது. 1995 தொடர் அச்சான காலத்தை ஒட்டி மார்புக்குக் கீழேயே இறுகும் உயர்ந்த இடை உடைகளைக் காட்டியது. 2005 படம் 1790-களுக்குப் போனதால் உடையின் வெட்டே வேறு. நாவலின் ஒரு வரியை மாற்றாமலேயே தோற்றம் முழுக்க மாறிவிடும் முடிவு இது.

இடத்துக்கும் இரண்டு வழிகள். நிஜ மாளிகை ஒரே நாளில் நம்பகத்தைத் தந்துவிடும், ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. மெழுகுவர்த்தியும் புகையும் கூடாது, பழைய தரையில் கனமான கிரேன் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பொருட்களை அவர்கள் ஆட்கள் மட்டுமே நகர்த்துவார்கள். விளக்குகளை ஜன்னலுக்கு வெளியே சாரம் கட்டி வைக்க வேண்டிவரும். இவற்றை ஒப்பந்தத்துக்கு முன் ஒளிப்பதிவாளர் நேரில் பார்க்க வேண்டும். வெளியே ஒரு வீடு, உள்ளே இன்னொரு வீடு என்று பிரிப்பதும் வழக்கம்தான்: 1995 தொடரில் டார்சியின் பெம்பர்லி மாளிகையின் வெளித்தோற்றம் லைம் பார்க், உட்புறம் சட்பரி ஹால். அப்படிச் செய்யும்போது வாசல் கதவின் உயரம், படிக்கட்டு எந்தப் பக்கம், ஜன்னல் வெளிச்சம் வரும் திசை ஆகிய மூன்றையும் அளந்துகொள்ளாவிட்டால் நடிகர் உள்ளே நுழையும் வெட்டு துள்ளும்.

செட்டுக்கு முன்பணம் பெரிது. நாட்கள் கூடக் கூட அது மலிவாகிறது. சீனத்தின் ‘சிவப்பு மாளிகைக் கனவு’ 1987-இல் 36 எபிசோடுகளாக வந்தபோது நாவலின் தோட்டத்தையே பெய்ஜிங்கில் கட்டினார்கள். அது இன்றும் பூங்காவாக இருக்கிறது. இளம் நடிகர்களைப் படப்பிடிப்புக்கு முன்பே ஓரிடத்தில் சேர்த்து நாவலையும் அக்கால நடையுடை பாவனைகளையும் கற்பித்ததும் அந்தத் தயாரிப்பின் பெரிய பலம். நாற்பது நாட்களுக்கு மேல் ஒரே வீட்டில் காட்சிகள் இருந்தால் செட், பதினைந்துக்குக் கீழே என்றால் நிஜ வீடு, நடுவில் இருந்தால் உட்புறம் மட்டும் செட் என்பது எங்கள் பரிந்துரை.

சின்ன விஷயங்களில் நேரம் கரையும். மெழுகுவர்த்தியின் உயரம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். ஒரே காட்சிக்கு மூன்று உயரங்களில் வெட்டிய தொகுப்புகள் கையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு டேக் முடிந்ததும் அணைக்க ஓர் ஆள் வேண்டும். மழையில் நனையும் அல்லது ரத்தம் படும் உடைக்குக் குறைந்தது மூன்று பிரதிகள் தைக்க வேண்டும். புதுத் துணி 4கே கேமராவில் புதிதாகவே தெரியும், எனவே முழங்கையும் விளிம்பும் தேய்த்துப் பழசாக்கப்பட வேண்டும். இறுக்கமான உள்ளுடுப்பு அணியும் நடிகைகளுக்கு ஒத்திகையிலேயே அதைக் கொடுத்துவிடுங்கள். மூச்சின் நீளம் குறையும், நீண்ட வசனம் நடுவில் உடையும், அது படப்பிடிப்பு நாளன்று தெரியவரக் கூடாது.

எந்த மொழியில் பேசுவார்கள்

பழைய நடையை அப்படியே வைப்பது, காலம் தெரியாத எளிய நடை, இன்றைய பேச்சு என்று மூன்று தெரிவுகள். இன்றைய பேச்சைப் பரிந்துரைக்க முடியவில்லை. உடையும் வீடும் கஷ்டப்பட்டுக் கட்டிய காலத்தை ஒரே சொல் கலைத்துவிடும். நடுவழியே பெரும்பாலான நாவல்களுக்குப் பொருந்தும்: வாக்கியம் சிறிதாக, மரியாதை வழக்குகளும் உறவுமுறை விளிகளும் அக்காலத்துக்கு உரியவையாக, புதுச்சொற்கள் அறவே இல்லாமல்.

வேற்று மொழிப் பாத்திரங்கள் இருந்தால் ‘ஷோகன்’ தொடர்களைப் பாருங்கள். 1975-இல் வந்த நாவல் அது. 1980 தொடரில் ஜப்பானியப் பேச்சுக்குத் திரையில் மொழிபெயர்ப்பு எழுத்துகள் கிடையாது, ஜப்பானில் வந்திறங்கிய ஆங்கில மாலுமிக்குப் புரிந்ததே பெரும்பாலும் பார்வையாளருக்கும் புரிந்தது. 2024 தொடரின் பத்து எபிசோடுகளில் பெரும்பகுதி ஜப்பானிய மொழி, கீழே எழுத்துகள். ஆங்கிலத்தில் எழுதி, ஜப்பானிய மொழிக்கு மாற்றி, அக்கால நடைக்கு ஒரு நாடகாசிரியர் திருத்தி, அதிலிருந்து மறுபடி எழுத்துகளுக்கு மொழிபெயர்த்தார்கள். முதல் வழியில் கதை ஒரே ஆளின் பார்வையில் நிற்கும், இரண்டாவதில் எல்லாத் தரப்பும் முழு மனிதர்கள் ஆவார்கள். இரண்டாவதற்குத் திரைக்கதைக் கட்டத்திலேயே பல மாதங்கள் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

எங்கள் தேர்வு

நிகழ்ச்சிகள் ஒரே கோட்டில் ஓடி, முக்கியப் பாத்திரங்கள் ஐந்தாறு பேருக்குள் அடங்கினால் படம். இரண்டு மூன்று குடும்பங்கள், ஓரிரு ஆண்டுகளில் ஒரு மனமாற்றம் என்றால் ஆறு முதல் எட்டு மணி நேரக் குறுந்தொடர். செவ்வியல் நாவல்களில் பெரும்பாலானவை இந்த வகை, சந்தேகம் வந்தால் இதையே எடுங்கள். தொடர்கதையாக வந்த, கூட்டம் நிறைந்த நாவல் என்றால் அதே எட்டு மணி நேரத்தை அரை மணி நேரங்களாக வெட்டலாம். தலைமுறைகள் கடக்கும் நாவலுக்கும் குரலால் நகரும் நாவலுக்கும் மட்டுமே பத்து மணி நேரத்துக்கு மேல்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு வேலைகள் உண்டு. பதிப்புரிமை இந்தியாவில் ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள், பிரிட்டனில் 70 ஆண்டுகள். மூல நாவல் பொதுவுடைமை ஆகியிருந்தாலும் அதன் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். மொழிபெயர்ப்பின் வரிகளை வசனமாக்குவதானால் அந்த உரிமையையும் வாங்க வேண்டும்.

இரண்டாவது வேலை எழுத்துச் சோதனை. முதல் எபிசோடை எழுதிப் பார்ப்பது பயன்படாது, அறிமுகங்கள் எந்த நாவலிலும் எளிதாக வந்துவிடும். ஆறு எபிசோடு என்று முடிவு செய்திருந்தால் நான்காவதை முழுதாக எழுதுங்கள். அதற்குள் நாவலின் நிஜக் காட்சிகள் குறைந்தது இருபது இருக்கின்றனவா, அவற்றில் ஏதேனும் ஒன்று கதையைத் திருப்புகிறதா என்று பாருங்கள். இருபது கிடைக்காமல் இட்டுக்கட்ட வேண்டியிருந்தால் நேரம் அதிகம், ஓர் எபிசோடைக் குறையுங்கள். ஐம்பதைத் தாண்டி ஒவ்வொன்றும் ஒரு நிமிட அளவில் ஓடினால் ஓர் எபிசோடைக் கூட்டி, நாள் கணக்கை மறுபடி போடுங்கள்.